அடுத்த வாரம் என்ன ஆகும்? – பழைய தொடர்படங்களின் கதை

யூபிலி மலர் என்றாலே பழைய நாள்களை எண்ணிப் பார்க்கும் மலர் என்று பொருள். கோயில் கட்டிய கதையையும், மணி வாங்கிய கதையையும், தேர் செய்த கதையையும் இம்மலரின் மற்றப் பக்கங்களில் பிறர் எழுதியிருக்கிறார்கள். நாமோ சற்று விலகி, உலகின் பல நாடுகளில் சிறுவர் சிறுமியர் ஒரு காலத்தில் வாரந்தோறும் காத்திருந்து பார்த்த ஒருவகைச் சினிமாவின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். “சாமிக்கு இதில் என்ன அக்கறை?” என்று கேட்பவர்கள் கடைசிவரை பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம். பொறுமையைப் பற்றிய கட்டுரைதான் இது.

நாம் குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில், முதுமை எய்திய பேராசிரியர் ஒருவர் எங்களோடு தங்கியிருந்தார். பாடம் கற்பிப்பதிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும், மாலையில் மரத்தடியில் அமர்ந்து பேசுவதிலிருந்து ஓய்வு பெறாதவர். ஒருநாள் பேச்சு சினிமாவின் பக்கம் திரும்பியது. 1930-களின் இறுதியில், தாம் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, ‘ஃபிளாஷ் கார்டன்’ என்ற ஆங்கிலத் தொடர்படத்தைப் பார்த்ததாகச் சொன்னார். பதின்மூன்று அத்தியாயங்கள் கொண்ட படம். பன்னிரண்டைப் பார்த்துவிட்டார். கடைசி அத்தியாயம் வருவதற்குள் அவரைச் சிறு குருமடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்! “கதாநாயகன் பூமிக்குத் திரும்பினானா, அந்தக் கொடுங்கோலன் ஒழிந்தானா என்று தெரியாமலே நான் குருப்பட்டம் வாங்கினேன்” என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தாரே தவிர, அந்தக் குறை அவர் மனத்தில் ஐம்பது ஆண்டுகளாக இருந்திருக்கிறது என்பது எங்களுக்கு விளங்கிற்று.

அன்று தொடங்கிய ஆவலில் அந்தத் தொடர்படங்களைப் பற்றி நாம் படித்துச் சேர்த்தவற்றைக் கீழே தருகிறோம்.

கதையை நிறுத்தும் கலை

கதையைப் பாதியில் நிறுத்திக் கேட்பவரைத் தவிக்க விடுவது சினிமா கண்டுபிடித்த தந்திரம் அன்று. ஆயிரத்தொரு இரவுகளில் ஷெகர்ஜாத் தன் உயிரைக் காத்துக்கொண்டது இந்தத் தந்திரத்தால்தான். விடியும் வேளையில் கதையை நிறுத்துவாள். மீதியைக் கேட்க விரும்பும் அரசன் அவளை மறுநாள்வரை வாழவிடுவான். நம் வேதாளமும் விக்கிரமாதித்தனை மீண்டும் மீண்டும் முருங்கை மரத்துக்கு நடக்க வைத்தது கதையைக் கொண்டேயல்லவா?

அச்சுப் பொறி வந்தபின் இத்தந்திரம் வியாபாரமாயிற்று. இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸ் 1836-ஆம் ஆண்டு ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலை மாதம் ஒரு பகுதியாக வெளியிடத் தொடங்கினார். தாமஸ் ஹார்டி 1872-73-இல் ஒரு மாத இதழில் எழுதிய ‘எ பேர் ஆஃப் புளூ ஐஸ்’ என்னும் தொடர்கதையில், ஒரு மனிதன் கடலோரச் செங்குத்துப் பாறையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்குகிறான். ஒருவனை அந்தரத்தில் தொங்கவிட்டு நிறுத்தும் கதைக்கு ஆங்கிலத்தில் “பாறையில் தொங்குவது” என்ற பொருளில் பெயர் வழங்குவதைப் பேசுவோர் இந்தக் காட்சியைத்தான் முதலில் எடுத்துக்காட்டுவர்.

தமிழருக்கு இந்தச் சுவை புதிதன்று. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த நாள்களில், பத்திரிகை வீட்டுக்கு வந்தவுடன் யார் முதலில் படிப்பது என்று தகராறு நடந்ததை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தத் தகராற்றைச் சினிமாக் கொட்டகைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்ததே தொடர்படம்.

மௌனப்படக் காலம்

அமெரிக்காவில் 1912-ஆம் ஆண்டு, எடிசன் கம்பெனி ‘வாட் ஹாப்பண்ட் டு மேரி’ என்ற படத்தைப் பன்னிரண்டு பகுதிகளாக வெளியிட்டது. அதே கதை ஒரு மாதர் பத்திரிகையிலும் கூடவே வந்தது. படம் பார்த்தவர் பத்திரிகை வாங்குவார், பத்திரிகை படித்தவர் படம் பார்ப்பார் என்பது ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு பகுதியும் ஏறக்குறைய ஒரு தனிக் கதையாகவே முடிந்தது. தவிக்க வைக்கும் முடிவு இன்னும் வரவில்லை.

அது 1913-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் வந்தது. செலிக் கம்பெனி எடுத்த ‘தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் காத்லின்’ பதின்மூன்று பகுதிகள் கொண்டது. சிகாகோ டிரிப்யூன் நாளிதழ் அதன் கதையைத் தொடராக வெளியிட்டது. அந்தக் கதை நடக்கும் இடம் நம் இந்திய நாடு! தந்தையைக் காப்பாற்றுவதற்காக அமெரிக்கப் பெண்ணொருத்தி கடல் கடந்து வந்து, கற்பனைச் சமஸ்தானம் ஒன்றில் சிங்கம், புலி, யானைகளுக்கு நடுவே சிக்கித் தவிக்கிறாள். இந்தியாவைக் கண்ணால் காணாதவர்கள், அந்தக் கம்பெனி சொந்தமாக வளர்த்த மிருகங்களை வைத்து அமெரிக்காவிலேயே படமாக்கிய இந்தியா அது. நம்மவர் பார்த்திருந்தால் சிரிப்பதா, கோபிப்பதா என்று அறியாமல் விழித்திருப்பார்கள்.

1914-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ‘தி பெரில்ஸ் ஆஃப் பாலீன்’ வந்தது. இருபது பகுதிகள். கதாநாயகி பேர்ல் ஒயிட். சொத்துக்கு ஆசைப்பட்ட பாதுகாவலன் அவளை ஒவ்வொரு பகுதியிலும் கொல்லப் பார்க்கிறான், அவளோ ஒவ்வொரு முறையும் தப்புகிறாள். இந்தப் படம் பேர்ல் ஒயிட்டை உலகப் புகழுக்கு உயர்த்திற்று. அதே ஆண்டின் இறுதியில் அவர் நடித்த ‘தி எக்ஸ்பிளாய்ட்ஸ் ஆஃப் எலெய்ன்’ வெளியாகி, முகத்தை மறைத்த வில்லன் யார் என்று மக்களை மாதக்கணக்கில் ஊகிக்க வைத்தது. 1914 முதல் 1917 வரை வந்த ‘தி ஹஸார்ட்ஸ் ஆஃப் ஹெலன்’ 119 பகுதிகள் ஓடியது. ரயில்வே தந்தி நிலையத்தில் வேலை பார்க்கும் பெண் ஓடும் ரயிலின்மேல் தாவித் திருடர்களைப் பிடிக்கும் கதை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். அமெரிக்க நாடு முழுவதிலும் பெண்களுக்கு வாக்குரிமை உறுதியானது 1920-ஆம் ஆண்டில்தான். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, வெள்ளித்திரையில் பெண்கள் குதிரை ஏறினார்கள், பலூனில் பறந்தார்கள், ரயிலை நிறுத்தினார்கள். அவர்களைப் பார்த்த இளம் பெண்களின் மனத்தில் என்ன தோன்றியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பிரான்சு நாட்டில் லூயி ஃபெயாத் என்னும் டைரக்டர் ‘ஃபாந்தோமா’ (1913-14), ‘லே வாம்பீர்’ (1915-16) என்ற தொடர்களை எடுத்தார். முதல் உலக யுத்தம் மூண்டிருந்த காலத்தில், ஆள் நடமாட்டம் குறைந்த பாரிஸ் தெருக்களில் எடுக்கப்பட்ட இரண்டாவது படத்தை இன்றும் சினிமா அறிஞர்கள் மதித்துப் போற்றுகின்றனர்.

நம் நாட்டிற்கு வந்த கதை

1905-ஆம் ஆண்டு, ரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டர் வாங்கி, கூடாரம் கட்டி ஊர் ஊராகச் சலனப்படம் காட்டத் தொடங்கினார். 1914-இல் ரகுபதி வெங்கையா சென்னையில் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். பாலீன் அமெரிக்கத் திரையில் தோன்றிய அதே ஆண்டு! இந்தியப் படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியனவாக இருந்த அக்காலத்தில், இந்தக் கொட்டகைகளுக்கு வாரந்தோறும் படம் வேண்டும். மேனாட்டுத் தொடர்படங்கள் அந்தத் தேவையை நிரப்பின. மௌனப்படத்துக்கு மொழித் தடை இல்லை. திரைக்கருகே நின்று ஒருவர் கதை சொன்னால் போதும்.

அந்நாளில் சென்னை ரசிகர் மனத்தில் இடம் பிடித்தவர் எட்டி போலோ என்னும் நடிகர். சர்க்கஸில் கரணம் போட்டுப் பழகியவர். 1915-இல் வந்த ‘தி புரோக்கன் காயின்’ என்ற இருபத்திரண்டு பகுதித் தொடரில் பெயர் வாங்கி, பிறகு தாமே கதாநாயகர் ஆனார். குதித்தல், தாவுதல், குத்துச்சண்டை இவையே அவர் பேசிய மொழி. எழுத்தறியாதவருக்கும் அது விளங்கிற்று.

இந்த விதை நம் மண்ணிலும் முளைத்தது. பம்பாயில் வாடியா சகோதரர்கள், பேர்ல் ஒயிட் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள், 1935-ஆம் ஆண்டு ‘ஹண்டர்வாலி’ என்ற படத்தை வெளியிட்டார்கள். கையில் சவுக்கும் முகத்தில் முகமூடியுமாக வந்த நாடியா, ஆஸ்திரேலியாவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்தவர். பாலீன் ஆபத்தில் சிக்கித் தப்பியவள் என்றால், நாடியா ஆபத்தைத் தேடிப்போய் அதன் கன்னத்தில் அறைந்தவர். ஸ்டண்ட் படம் என்ற சொல் இந்திய ரசிகரின் நாவில் நிலைத்ததற்கு நாடியாவின் படங்களும் ஒரு காரணம்.

பேசும்படக் காலம்

1929-ஆம் ஆண்டு மாஸ்காட் கம்பெனி எடுத்த ‘கிங் ஆஃப் தி காங்கோ’ ஓரளவு ஒலி சேர்க்கப்பட்ட முதல் தொடர்படம். அதன்பின் 1956 வரை அமெரிக்காவில் வெளியான பேசும் தொடர்படங்கள் மொத்தம் 231 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். யுனிவர்சல் 69, ரிபப்ளிக் 66, கொலம்பியா 57, மாஸ்காட் 24, மற்றச் சிறு கம்பெனிகள் 15.

பெரும்பாலும் ஒரு தொடருக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து அத்தியாயங்கள். முதல் அத்தியாயம் சற்று நீளமாக, முப்பது நிமிடம் வரை இருக்கும். மற்றவை பதினைந்து முதல் இருபது நிமிடமே. சனிக்கிழமைப் பிற்பகல் காட்சியில், கார்ட்டூன், செய்திப் படம், ஒரு கௌபாய் படம் இவற்றோடு சேர்த்து அத்தியாயம் ஒன்று காட்டப்படும். சிறுவர்கள் காசைச் சேர்த்து வைத்திருப்பார்கள். சில தியேட்டர்களில் ஓர் அட்டை கொடுத்து, வாரந்தோறும் அதில் துளையிடுவார்கள். எல்லா வாரமும் வந்தவனுக்குக் கடைசி அத்தியாயம் இலவசம்! ஞாயிறு மறைக்கல்விக்கு நாம் வைக்கும் வருகை அட்டையை இது நினைவூட்டவில்லையா? யார் யாரைப் பார்த்துக் கற்றார்களோ, தெரியாது.

இவற்றுள் பெரும்புகழ் பெற்றது 1936-இல் யுனிவர்சல் எடுத்த ‘ஃபிளாஷ் கார்டன்’. அலெக்ஸ் ரேமண்ட் 1934 முதல் பத்திரிகைகளில் வரைந்துவந்த சித்திரக் கதை அது. பூமியை அழிக்கப் பாய்ந்துவரும் மாங்கோ என்ற கிரகத்துக்கு, ஃபிளாஷ், டேல் என்ற பெண், விஞ்ஞானி ஜார்காவ் ஆகிய மூவரும் ராக்கெட்டில் செல்கிறார்கள். அங்கே மிங் என்ற கொடுங்கோலன். ஃபிளாஷாக நடித்த பஸ்டர் கிராப், 1932-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்தில் 400 மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்றவர். முதல் அத்தியாயத்தின் முடிவில் தரை பிளந்து, அவர் ஆழ்குழிக்குள் விழுகிறார். திரை இருண்டுவிடும். பிறகு ஏழு நாள் தவம்!

ரிபப்ளிக் கம்பெனியின் பெருமை வேறு. வில்லியம் விட்னி, ஜான் இங்கிலிஷ் என்ற இரு டைரக்டர்கள் சேர்ந்து பதினேழு தொடர்களை எடுத்தார்கள். விட்னி ஒருமுறை, நடனக் காட்சிகளில் வல்லவரான பஸ்பி பெர்க்லி படமெடுப்பதைப் பார்த்தார். நடனத்தைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் திருத்தமாக ஒத்திகை பார்த்து எடுத்தார் பெர்க்லி. அதுவரை சண்டைக் காட்சி என்றால் எல்லாரும் ஒருசேரக் கட்டிப் புரளுவதுதான். சண்டையையும் ஏன் நடனம்போல் பிரித்து எடுக்கக்கூடாது என்று விட்னி நினைத்தார், செய்தும் காட்டினார். இன்று எந்த மொழிப் படத்திலும் சண்டை எடுக்கப்படும் முறைக்கு அவர் ஒரு முன்னோடி.

1941-இல் அவர்கள் எடுத்த ‘அட்வெஞ்சர்ஸ் ஆஃப் காப்டன் மார்வெல்’ படத்தில் மனிதன் வானில் பறந்தான். கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஹோவர்ட், தியோடர் லைடெக்கர் என்ற சகோதரர்கள், ஆளுயரத்துக்கு மேற்பட்ட பொம்மை ஒன்றைச் செய்து, மெல்லிய கம்பிகளில் கோத்து, மலைச்சரிவுகளின் குறுக்கே வழுக்கி ஓட விட்டார்கள். தாவும் காட்சிக்கு டேவிட் ஷார்ப் என்ற ஸ்டண்ட் வீரர் உண்மையாகவே குதித்தார். குதிப்பு, பொம்மை, மீண்டும் மனிதன் என்று மூன்றையும் ஒட்டிப் பார்த்தால் கண் ஏமாந்துவிடும். ஏழாண்டுக்குப் பின் 1948-இல் கொலம்பியா ‘சூப்பர்மேன்’ தொடரை எடுத்தபோது, பறக்க வேண்டிய இடத்தில் நடிகர் கார்ட்டூன் சித்திரமாக மாறிவிட்டார்! எது மேல் என்பதைச் சிறுவர்களே தீர்மானித்திருப்பார்கள்.

ஏமாற்றும் பிழைகளும்

இனிப்பை மட்டும் சொல்லிக் கசப்பை மறைப்பது வரலாறு ஆகாது. ஆகவே இத்தொடர்படங்களின் குறைகளையும் சொல்லவே வேண்டும்.

முதலாவது, சிறுவர்களை ஏமாற்றியது. கதாநாயகனின் கார் மலை விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து தீப்பற்றி எரியும். அத்தியாயம் முடியும். அடுத்த வாரம் அதே காட்சியைத் திரும்பக் காட்டும்போது, சென்ற வாரம் இல்லாத ஒரு துண்டு புதிதாக நடுவில் முளைத்திருக்கும். கார் விழுமுன்பே அவன் கதவைத் திறந்து குதித்துவிட்டானாம்! பெரியவர்கள் மறந்திருப்பார்கள். ஒரு வாரம் முழுவதும் அந்தக் காட்சியையே எண்ணிக்கொண்டிருந்த சிறுவன் மறப்பானா? கொட்டகை முழுவதும் கூச்சல் எழுந்த நாள்கள் உண்டு. பட முதலாளிகள் குழந்தைகளின் ஞாபகசக்தியைக் குறைவாக மதிப்பிட்டார்கள். குழந்தைகளுக்குப் போதிக்கும் எல்லாரும் நினைவில் வைக்கத் தக்க பாடம் இது.

செலவைக் குறைக்க, பழைய அத்தியாயங்களின் காட்சிகளையே ஒட்டி ஓர் அத்தியாயம் ஒப்பேற்றுவதும் உண்டு. 1949-இல் ‘கிங் ஆஃப் தி ராக்கெட் மென்’ படத்துக்காக எடுத்த பறக்கும் காட்சிகளை 1952-இல் இரண்டு புதுத் தொடர்களில் மீண்டும் பயன்படுத்தினார்கள்.

இரண்டாவது, உயிர்ச்சேதம். பேர்ல் ஒயிட் பல ஆபத்தான காட்சிகளில் தாமே நடித்தார். அதில் பட்ட அடியின் வலி அவரை வாழ்நாள் முழுவதும் வருத்தியது. பிற்காலத்தில் பாரிஸில் வாழ்ந்து 1938-இல் காலமானார். வயது ஐம்பதுகூட நிரம்பவில்லை. 1922-ஆம் ஆண்டு, அவருடைய கடைசி அமெரிக்கத் தொடரான ‘பிளண்டர்’ நியூயார்க்கில் எடுக்கப்பட்டபோது, அவருக்குப் பதிலாகப் பெண் வேடமிட்டு ஓடும் பஸ்ஸின் மேலிருந்து மேம்பாலத்து இரும்பு உத்தரத்துக்குத் தாவிய ஜான் ஸ்டீவன்சன் பிடி தவறி விழுந்து இறந்தார். திரையில் பாலீன் ஒவ்வொரு முறையும் பிழைத்தாள். அந்த மனிதருக்கு அடுத்த வாரம் என்று ஒன்று இல்லை. கைதட்டிப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும்?

மூன்றாவதே பெரிய குறை. வில்லன் என்றால் வேற்று நாட்டான், வேற்று நிறத்தான், சாய்ந்த கண்ணுடையவன் என்று இத்தொடர்கள் வாரந்தோறும் போதித்தன. காத்லினின் இந்தியர்கள் அப்படி. ஃபூ மாஞ்சு என்ற சீன வில்லன் அப்படி. வேற்றுக் கிரகத்து மிங்கும்கூட ஆசியச் சாயலோடுதான் சிம்மாசனத்தில் அமர்ந்தான். 1943-இல் கொலம்பியா எடுத்த ‘பேட்மேன்’ தொடரில் வில்லன் ஒரு ஜப்பானியன். அக்காலத்தில் அமெரிக்க அரசு, ஜப்பானிய வம்சத்தினர் ஏறத்தாழ 1,20,000 பேரை, அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரஜைகளாக இருந்தும், வீடு வாசலிலிருந்து பெயர்த்து முகாம்களில் அடைத்திருந்தது. காலியாகிக் கிடந்த அவர்களுடைய தெருவைக் காட்டி, அது அறிவுள்ள செயல் என்று பின்னணிக் குரல் அந்தப் படத்தில் பாராட்டிற்று! அந்த அரசே 1988-இல் சட்டம் இயற்றி, செய்தது அநீதி என்று மன்னிப்புக் கேட்டது. ஆனால் பத்து வயதில் அந்தக் குரலைக் கேட்டுக் கைதட்டிய சிறுவனின் உள்ளத்திலிருந்து அதைத் துடைப்பது யார்? பழைய நாள்களை நினைத்து உருகும்போது, அந்நாள்களில் யார் அழுதார்கள் என்பதையும் கேட்டுப் பார்ப்பது நம் கடமை.

முடிவும் மறுபிறப்பும்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் தொடர்படங்களுக்குக் கெட்ட காலம் வந்தது. படமெடுக்கும் செலவு ஏறிற்று. 1948-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரிய சினிமாக் கம்பெனிகள் சொந்தத் தியேட்டர்களை வைத்துக்கொண்டு தங்கள் படங்களையே திணிப்பதற்குத் தடை போட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, டெலிவிஷன் வீட்டுக்குள் வந்தது. வீட்டிலேயே வாரந்தோறும் கதை கிடைக்கும்போது எவன் காசு கொடுத்துக் கொட்டகைக்குப் போவான்? யுனிவர்சல் 1946-இல் நிறுத்திக்கொண்டது. ரிபப்ளிக் 1955-இல் நிறுத்திற்று. 1956-இல் கொலம்பியா வெளியிட்ட ‘பிளேசிங் தி ஓவர்லாண்ட் டிரெயில்’ கடைசித் தொடர்படம். அத்துடன் அமெரிக்கத் திரையில் ஏறத்தாழ நாற்பத்து நான்கு ஆண்டு மரபு முற்றுப் பெற்றது.

ஆயினும் அழிந்துபோகவில்லை. கொன்ற டெலிவிஷனே பழைய அத்தியாயங்களை வாங்கி ஒளிபரப்பியது. 1965-இல் பழைய ‘பேட்மேன்’ தொடர் முழுவதையும் ஒரே இரவில் தியேட்டர்களில் காட்டினார்கள். கல்லூரி மாணவர் கூட்டம் அலைமோதிற்று. அடுத்த ஆண்டே டெலிவிஷனில் புது பேட்மேன் தோன்றினார். டெலிவிஷனில் ஃபிளாஷ் கார்டனைப் பார்த்து வளர்ந்த ஜார்ஜ் லூகாஸ், அதைப் புதிதாகப் படமெடுக்க உரிமை கேட்டார். கிடைக்கவில்லை. ஆகவே தாமே ஒரு கதை எழுதினார். அதுவே 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’. அப்படத்தின் தொடக்கத்தில் எழுத்துக்கள் சாய்வாக மேல்நோக்கி நகர்ந்து முன்கதை சொல்லுமே, அது 1940-ஆம் ஆண்டு ஃபிளாஷ் கார்டன் தொடரிலிருந்து வந்தது. 1981-இல் வந்த ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ பழைய சனிக்கிழமைப் படங்களுக்குச் செய்த முழு வணக்கம்.

மௌனப்படத் தொடர்களோ அவ்வளவு பாக்கியம் பெறவில்லை. அக்காலத்து நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும், தானாகவே மக்கியும் போகும். பயனில்லை என்று தூக்கி எறிந்தவையும் ஏராளம். அமெரிக்க முழுநீள மௌனப்படங்களில் ஏறத்தாழ எழுபது சதவீதம் அடியோடு அழிந்துவிட்டன என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இருபது பகுதிகள் கொண்ட பாலீன்கூட, ஒன்பது பகுதிகளாகச் சுருக்கிய ஐரோப்பியப் பதிப்பின் வழியாகவே நமக்குக் கிடைத்திருக்கிறாள். பார்த்தவர் நினைவில் மட்டும் வாழ்ந்த எத்தனையோ கதைகள், அவர்களோடு கல்லறைக்குப் போய்விட்டன.

காத்திருந்த காலம்

நம் தலைமுறையும் ஒருவகையில் காத்திருந்த தலைமுறைதான். 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை தூர்தர்ஷனில் ஞாயிறு காலை ‘ராமாயணம்’ வந்தபோது, டெலிவிஷன் உள்ள வீட்டில் ஊரே கூடியது. சாதி, மதம் பாராமல் திண்ணையிலும் ஜன்னலிலும் நின்று பார்த்தார்கள். பூசை நேரத்தை அனுசரித்து வைக்குமாறு பங்குச் சாமியாரிடம் விண்ணப்பம் போன ஊர்களும் உண்டு என்று நாம் கேட்டிருக்கிறோம்.

2013 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ என்ற தொடரின் பதின்மூன்று பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. ஃபிளாஷ் கார்டனுக்கும் பதின்மூன்றுதான். முன்னோர் மூன்று மாதம் பார்த்ததை இன்றைய இளைஞர் ஓர் இரவில் பார்த்துவிடலாம். இதைக் குறை சொல்வதற்காக நாம் எழுதவில்லை. வசதி வந்தால் அனுபவிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஏழு நாளில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

எங்கள் பேராசிரியரின் கதையின் முடிவைச் சொன்னால் அது விளங்கும். வெளிநாட்டில் இருந்த உறவினர் ஒருவர் வழியாக அந்தத் தொடரின் வீடியோ காசெட் குருமடத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு விடுமுறை மாலையில், பொது அறையில் அவரை நடுவில் உட்கார வைத்து, கடைசி அத்தியாயத்தை ஓடவிட்டோம். கோடு கோடாகக் கறுப்பு வெள்ளைப் படம். தீப்பொறி கக்கிப் புகைந்துகொண்டே சுற்றும் பொம்மை ராக்கெட். எங்களில் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தோம். அவர் அசையவில்லை. மிங் ஒழிந்தான் என்ற சேதி வந்தது. மூவரும் பூமிக்குத் திரும்பினார்கள். படம் முடிந்தது.

“எப்படி இருந்தது, சாமி?” என்று கேட்டோம்.

சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா, ஐம்பது வருஷமா நான் மனசுல கட்டி வச்சிருந்த முடிவு இதைவிட நல்லா இருந்துச்சுப்பா” என்றார்.

இரண்டாண்டு கழித்து வந்த அடுத்த தொடரில் மிங் உயிரோடு திரும்புகிறான் என்பதை அவரிடம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பின்னொரு நாள் யாரோ சொல்லிவிட்டார்கள். “எனக்கு அப்பவே சந்தேகம்தான்” என்றாராம்!

அவர் மட்டுமா? சனிக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் இடையே, உலகமெங்கும் பள்ளி முற்றங்களிலும் தெருக்களிலும் சிறுவர்கள் கூடி, கதாநாயகன் எப்படித் தப்புவான் என்று வாதாடினார்கள். கயிறு இருக்கும் என்றான் ஒருவன், சுரங்கம் இருக்கும் என்றான் இன்னொருவன். கம்பெனிக்காரர்கள் எழுதியது பதினைந்து நிமிடக் கதை. மீதி ஏழு நாள் கதையை எழுதியவர்கள் அந்தச் சிறுவர்கள். அவர்கள் எழுதிய கதைகளுக்குப் படச்சுருள் இல்லை.

நம் எண்ணம் இதுவே. இந்த யூபிலி ஆண்டில், நம் வீடுகளில் எண்பதைத் தாண்டிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கூடாரக் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த படத்தை, வாரப் பத்திரிகைக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து நின்ற நாளை, பாதியில் விட்டுப்போன கதையை அவர்கள் சொல்வார்கள். சொல்லக் கேட்பார் இல்லாததால் சொல்லாமல் இருக்கிறார்கள். பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் அருகில் போய் அமரட்டும். “தாத்தா, நீங்க பார்த்த முதல் படம் எது? முடிவு தெரியாமப் போன கதை ஏதாவது இருக்கா, அப்பாயி?” என்று கேட்கட்டும். சொல்வதைப் பெயரும் ஆண்டும் போட்டு எழுதிக்கொண்டு வரட்டும். அடுத்த மலருக்கு அதைவிட நல்ல கட்டுரை வேறு வேண்டாம்.